கிள்ளாத எண்

ஹாலிவுட்டை ஒட்டிய பர்பேங்கில் இருக்கும் அந்த சினிமா ஸ்டுடியோவில் ஓர் எண் பிறந்தால், அது முழுசாக வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை. கோடையில் வரப்போகும் படம் முதல் வெள்ளி, சனி, ஞாயிறில் எவ்வளவு வசூலிக்கும் என்று இரண்டாவது மாடியில் வெர்னிடா பாஸ்கம் கணக்குப் போட்டுச் சொல்வாள். அது விளம்பரப் பிரிவுக்குப் போகும், அங்கே கொஞ்சம் கிள்ளுவார்கள். நிதிப் பிரிவுக்குப் போகும், அவர்கள் பங்குக்கும் ஒரு கிள்ளு. கடைசியில் விநியோகத் தலைவன் கிளென் ராஸ்முசன் கைக்கு வரும். அவன் கிள்ள மாட்டான், பிய்த்தே எடுப்பான். மிச்சம் இருப்பதுதான் பத்திரிகைக்கு. படம் அதைவிடக் கூடுதலாக ஓடிவிட்டால் 'எதிர்பார்ப்பை மிஞ்சிய வெற்றி' என்று தலைப்பு வரும், ஆபீசில் கேக் வெட்டுவார்கள். தரையோடு தரையாகக் கயிறு கட்டி, அதைத் தாங்களே தாண்டிவிட்டு, தாங்களே கைதட்டிக்கொள்ளும் கூட்டம். ஊரில் எல்லா ஸ்டுடியோவும் இதைத்தான் செய்கிறது என்பதால் யாருக்கும் வெட்கம் கிடையாது.

வெர்னிடாவின் மேசையில் ஒரு பொம்மை ராக்கெட் இருந்தது. போன கோடையில் ஒரு விண்வெளிப் படத்துக்கு அவள் தொண்ணூறு மில்லியன் டாலர் என்று அடித்துச் சொன்னாள். முன்பதிவு அப்படிப் பறந்தது. ஆனால் பதிவு செய்த ரசிகர்கள் அத்தனை பேரும் வெளியீட்டுக்கு முதல்நாள் வியாழன் மாலை போடும் சிறப்புக் காட்சிக்கே போய் முடித்துவிட, சனிக்கிழமை தியேட்டரில் ஈ ஆடியது. ஐம்பத்தொன்றில் படுத்துவிட்டது படம். மறுநாள் யாரோ கேலிக்கு அந்த ராக்கெட்டை வைத்துவிட்டுப் போனார்கள். வேறு யாராக இருந்தாலும் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பார்கள். வெர்னிடா அதைத் துடைத்து, கண்ணில் படும்படி கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

இந்தக் கோடையில் வந்தது டோயிங் வண்டிப் படம். பழுதான கார்களை இழுத்துப் போகும் தொழில் செய்யும் நான்கு நடுவயது சகோதரிகள், பாலைவனத்தில் புயலுக்கு நடுவே கொள்ளைக்காரர்களைத் துரத்திப் பிடிக்கிறார்கள். நாடு முழுக்கக் கேட்டு எடுத்த சர்வே இருபத்துநான்கு மில்லியனைத் தாண்டாது என்றது. வெர்னிடா முன்பதிவைப் பார்த்துவிட்டு நாற்பத்தாறு என்றாள்.

கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிளென் மட்டும் வாய்விட்டுச் சிரித்தான். அவனும் அவளும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவர்கள். அவன் தலைவனான பிறகும் இருவருக்கும் வா, போ பேச்சுதான்.

"போன வருஷமும் முன்பதிவைக் காட்டித்தான் என் தலைல மண்ணள்ளிப் போட்ட. மறந்துபோச்சா?"

"எப்படி மறக்கும், மேசைலயே ராக்கெட் நிக்குதே," என்றாள் வெர்னிடா. "போன வருஷம் எல்லாம் வியாழக்கிழமை டிக்கெட். ஆளுக்கு ஒண்ணு. இது ஞாயித்துக்கிழமை மத்தியான டிக்கெட். ஒரு ஆள் வாங்கறது எட்டு, பத்து, பதினாலு. சர்வேல 'நீங்க போவீங்களா'ன்னு கேக்கறாங்க. 'எத்தனை பேரைக் கூட்டிட்டுப் போவீங்க'ன்னு எவனாவது கேட்டானா?"

அவளுக்கு இது காகிதத்தில் மட்டும் தெரிந்த விஷயம் இல்லை. இங்கிள்வுட்டில் அவள் போகும் சர்ச்சிலேயே பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து டிக்கெட் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை துணி துவைக்க வேண்டும், வீடு பெருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, சர்ச்சுக்குப் போட்ட தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேரே தியேட்டர். இதைச் சொன்னால் அந்த அறையில் எடுபடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னாள்.

எடுபடவில்லை. கிளென் பேனாவை மேசையில் தட்டினான். சரி, நாற்பத்தாறுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ, ஆனால் இந்தத் தடவையும் கணக்கு தப்பினால் இந்த நாற்காலி உனக்கு இல்லை, கீழே விமானப் பிரிவுக்குப் போய்விட வேண்டும் என்றான். விமானத்தில் போடும் படங்களிலிருந்து கெட்ட வார்த்தைகளைப் பொறுக்கி நீக்கும் பிரிவு அது. ஜன்னல் இல்லாத அறை. அங்கே போனவர்கள் மேலே வந்ததில்லை. இந்த நாற்காலிக்காகவே பாதி வாழ்க்கையைக் கொடுத்தவள் வெர்னிடா. ஆனாலும் கையெழுத்துப் போட்டாள்.

ஒன்று மட்டும் கெஞ்சினாள். பத்திரிகைக்குச் சொல்லும்போது கிள்ளாதே, தியேட்டர்காரர்கள் அந்தப் பத்திரிகையைப் பார்த்துத்தான் ஹால் ஒதுக்குகிறார்கள் என்றாள். கிளென் கேட்பானா? சின்னதாகச் சொல்லிப் பெரிதாக ஜெயிப்பதுதான் பிழைப்பு என்று அவளுக்கே பாடம் எடுத்தான். அவள் போட்ட நாற்பத்தாறு விளம்பரப் பிரிவில் நாற்பதாகி, நிதிப் பிரிவில் முப்பதாகி, பத்திரிகையில் வெறும் இருபதாக வந்து நின்றது. படிக்கும்போது வெர்னிடாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை வசூல் பத்து. சனிக்கிழமை பதினொன்று.

ஞாயிறு காலை, ஞாயிறு முடிவதற்கு முன்பே ஞாயிறு வசூலையும் சேர்த்து அறிவித்துவிடுவது அந்த ஊர் வழக்கம். சனிக்கிழமை வசூலில் மூன்றில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டு மிச்சத்தை ஞாயிறு என்று எழுதிவிடுவார்கள். அப்படித்தான் மொத்தம் இருபத்தெட்டு என்று அறிவித்தான் கிளென். இருபது சொன்ன இடத்தில் இருபத்தெட்டு. வெற்றி! கேக்குக்கும் சொல்லியாகிவிட்டது. வெர்னிடாவைப் போனில் அழைத்து, வருத்தமாகத்தான், நாளைக்கு மேசையை ஒழித்துவிடு என்றான்.

"ஒழிக்கறேன். சொன்ன சொல் சொன்னதுதான்," என்றாள் அவள். "ஆனா ஞாயிறு சனியைவிட மேல போகும், கிளென். நீ என்கூட இங்கிள்வுட்டுக்கு வா. இத்தனை வருஷத்துல எனக்குன்னு உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல."

"கோல்ஃபுக்குக் கிளம்பி நிக்கறேன்மா."

"அதே டிரஸ்ல வா. சினிமாக்காரன்னு யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தான். தியேட்டர் வாசலில் காலை வைத்ததும் முணுமுணுப்பு நின்றுவிட்டது. மஞ்சள், ஊதா, வெள்ளைத் தொப்பிகள். ஒரே நிறத்தில் டி-ஷர்ட் போட்டு வந்த ஃபிலிப்பினோ நர்ஸுகள். சகோதரிகளும் மருமகள்களுமாக ஒரு மெக்சிகோக் குடும்பம். பாப்கார்ன் வரிசை கதவைத் தாண்டி வெயிலில் நின்றது. படம் ஓடிய இரண்டும் கையகல ஹால்கள், இரண்டிலும் இடமில்லை. பெரிய ஹாலில் வேறு கம்பெனியின் ரோபோ படம் காலியாக ஓடிக்கொண்டிருந்தது.

டிக்கெட் கவுண்டரில் ஊதாத் தொப்பிக்காரம்மா ஒருவர் வாதாடிக்கொண்டிருந்தார். அவருடன் வந்தவர்கள் பதினான்கு பேர். அடுத்த காட்சிக்கு ஒன்பது சீட்டுதான் இருக்கிறது என்றாள் கவுண்டரில் இருந்த பெண். கிளென் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒன்பது பேர் இப்போது பார்த்துவிட்டு, மற்றவர்கள் நாளைக்கு வரலாமே என்று யோசனை சொன்னான்.

அந்தம்மா அவனை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "தம்பி, நீ கோல்ஃப் தனியா ஆடுவே. நாங்க வந்தா எல்லாரும் வருவோம், இல்லேன்னா ஒருத்தரும் வர மாட்டோம். இதுல எந்த அஞ்சு பேரை நான் பஸ் ஏத்தி அனுப்பறது, நீயே காட்டு பாக்கலாம்."

கிளென் ஒதுங்கி வழிவிட்டான். பதினான்கு பேரும் வெளியே போனார்கள். ஐந்து சீட்டு இல்லாததற்குப் பதினான்கு டிக்கெட் போனது. அவர்களுக்குப் பின்னால் நின்ற எட்டுப் பேர் கூட்டத்துக்கும் அதே கதைதான்.

அங்கேயே நின்று, அந்தத் தியேட்டர் குழுமத்தில் படங்களுக்கு ஹால் பிரித்துக் கொடுக்கும் டாம் ஹெஃப்னரைப் போனில் பிடித்தான் கிளென். ரோபோவைத் தூக்கிவிட்டுப் பெரிய ஹாலைக் கொடு என்று கத்தினான். அந்தப் பக்கத்துக் குரல் வெர்னிடாவுக்கும் கேட்டது.

"இருபதுன்னு பேப்பர்ல சொன்னது யாரு, நீதானே? இருபதுக்கு எத்தனை சீட்டோ, எண்ணி அத்தனை குடுத்திருக்கேன். இப்ப வந்து என்கிட்ட குதிக்கற?"

கிளென் போனைக் கீழே இறக்கினான். முகம் செத்துவிட்டது. நான் அப்பவே சொன்னேனே என்ற வார்த்தை வெர்னிடாவின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை உண்மைக் கணக்கு வந்தது. ஞாயிறு வசூல் பதின்மூன்று, சனியைவிட மேலே. மொத்தம் முப்பத்துநான்கு. விளம்பரப் பிரிவில் கேக் வெட்டும் சத்தம் மாடிப்படி வரை கேட்டது. கிளென் இரண்டாவது மாடிக்கு வந்தபோது வெர்னிடா அட்டைப் பெட்டியில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மேலாக ராக்கெட் இருந்தது.

"என்ன பண்ற?"

"நாப்பத்தாறு சொன்னேன், முப்பத்துநாலு வந்திருக்கு. பன்னெண்டு குறையுது. பேச்சு பேச்சுதானே." குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். கண்தான் சொன்னபடி கேட்கவில்லை.

கிளென் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "அந்தப் பன்னெண்டு குறையல, வெர்னிடா. வாசல்ல நின்னுச்சு. தொப்பி போட்டுட்டு நின்னுச்சு. நான்தான் கதவைச் சின்னதா வச்சேன்."

பிறகு அவள் மேசை ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டாவது வாரம் எவ்வளவு வரும் என்று கேட்டான். இரண்டாவது வாரத்தில் எந்தப் படமும் பாதியாகக் கரையும். அது அங்கே குழந்தைக்கும் தெரியும். வெர்னிடா பெட்டியை மூடாமல், முன்பதிவுக் கணக்கைத் திறந்து, வேண்டுமென்றே நிதானமாகப் பார்த்தாள்.

"முப்பத்தாறு."

"முதல் வாரத்தைவிட ஜாஸ்தியாவா?"

"பெரிய ஹால் குடுத்தா. அந்தப் பதினாலு பேரும் திரும்பி வருவாங்க, இன்னும் ரெண்டு பேரைச் சேத்துக்கிட்டு. ஒண்ணு குறைச்சுச் சொன்னாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கிளென் எழுதிக்கொண்டான். பழக்க தோஷம், பேனா முனை அந்த ஆறின் மேல் போய் நின்றது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் பேனாவைச் சட்டைப் பையில் செருகிவிட்டு, அவள் எதிரிலேயே பத்திரிகைக்குப் போன் போட்டு முப்பத்தாறு என்றான். எதிர்முனையில் நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். திரும்பத் திரும்பச் சொன்னான். அடுத்து டாம் ஹெஃப்னருக்கும் அதையே சொன்னான். எழுந்து போகும்போது பெட்டியிலிருந்து ராக்கெட்டை எடுத்துக்கொண்டான்.

"தப்பாப்போனா இது என் மேசைல இருக்கட்டும்," என்றான்.

அந்த வாரம் முழுக்கக் கட்டடமே அவர்கள் இரண்டு பேரையும் பைத்தியம் என்றது. வெர்னிடா பெட்டியைப் பிரிக்கவும் இல்லை, கீழே கொண்டுபோகவும் இல்லை. பெரிய ஹால்கள் கிடைத்தன. ஞாயிறு மதியம் அவள் தியேட்டர் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சர்ச் முடிந்து வீட்டுக்குப் போய், கோழி வறுத்துச் சாப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை முப்பத்தேழு வந்தது.

கிளென் போன் பண்ணவில்லை. படியிறங்கி வந்து ராக்கெட்டை அவள் முன்னால் நீட்டினான். "உன் பொருள், வச்சுக்கோ."

"உன்கிட்டயே இருக்கட்டும்," என்றாள் வெர்னிடா, பெட்டியிலிருந்து சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டே. "கிள்ளணும்னு கை துறுதுறுங்கும்போது பாத்துக்கோ."

அவன் ராக்கெட்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். ஆகஸ்டில் வரும் படத்துக்கு எவ்வளவு என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் அப்படியே எழுதிக்கொண்டான்.