பாத்தி மேல் வீடு

2023 மார்ச் 9ஆம் தேதி, மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஒரு வீட்டின் ஹாலில் உப்பு விளைந்தது. நல்ல வெள்ளை உப்பு. வீடு திருமுருகனுடையது. அவனும் மனைவி சத்யப்ரியாவும் அதைப் போன கார்த்திகையில் வாங்கியிருந்தார்கள். அப்போது அளமெல்லாம் மழையில் மூழ்கி ஏரியாகக் கிடந்தது. கிணற்றுத் தண்ணீர் தித்தித்தது. கடலோரத்தில் வீடு பார்ப்பதென்றால் சித்திரை வெயிலில் பார்க்க வேண்டும் என்பது உப்பளத்திலேயே வேலை செய்த அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுகளில் பேச்சு வாங்கியவனுக்கு எந்தச் சுவரும் அழகாகத்தான் தெரிந்தது. பழைய உப்புப் பாத்தியைச் செம்மண் கொட்டித் தூர்த்த மனை அது. தூர்த்தாயிற்றே என்று இருந்துவிட்டான்.

பால் காய்ச்சும் அன்று மஞ்சளும் உப்பும்தான் முதலில் உள்ளே போகும். உப்பைப் போய்க் கடையில் வாங்குவதா என்று, அளத்தில் தன் கையால் வாரிய உப்பையே ஒரு படி கொண்டுவந்து சாமி மூலையில் வைத்தான். தரை மறந்திருந்ததை அந்த உப்புதான் ஞாபகப்படுத்திவிட்டது என்று ஊரில் பிறகு பேசிக்கொண்டார்கள்.

"உனக்கு இன்னாப்பா, பாய விட்டு எழுந்தா டூட்டி!" என்று கூட வேலை செய்யும் பாவாடை சிரித்தான். திருமுருகனும் சிரித்தான். காலையில் ஹாலை வாரிவிட்டு அளத்துக்குப் போனான்.

பங்குனியில் வீடு தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. நிரப்பிய குடம் மதியத்துக்குள் காய்ந்தது. துணி பிழிவதற்குள் உலர்ந்தது. சித்திரையில் மகள் தமிழ்நிலா வாசற்படியில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு அழுதாள். கண்ணீர் வரவில்லை. கன்னத்தில் இரண்டு பரல் உப்பு உருண்டது.

"ஏங்க, பாப்பாவ பாருங்க. பிரம்மதேசம் போயிடலாங்க, எங்கம்மா வூட்டுக்கு."

"வூட்ட யாரு பாக்கறது? நீ இட்டுனு போ. மழை வந்தா சரியாயிடும்."

"உங்க உதடு வெடிச்சிக் கெடக்குது."

"என் வூடு சத்யா. இங்கேந்து என்ன எவனும் காலி பண்ணச் சொல்ல மாட்டான்."

பிரம்மதேசத்தில் பம்புசெட்டுத் தண்ணீரில் நனைந்து, மறுநாள் குழந்தை ஈரமாக அழுதது. சத்யப்ரியா தினமும் போன் செய்தாள். வா என்றாள், மழை வரட்டும் என்றான். ஆனியில் அவன் குரல் கரகரத்தது. ஆடியில் மறுமுனையில் பரல் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் அடுத்த பஸ் பிடித்து வந்தாள்.

கதவை உப்பு பூட்டியிருந்தது. பாவாடை கடப்பாரையால் நெம்பித் திறந்தான். திருமுருகன் ஹாலில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, வெள்ளைவெளேரென்று உட்கார்ந்திருந்தான். சத்யப்ரியா தோளைத் தொட்டாள். விரலில் ஒட்டியது. தண்ணீர் தெளிக்கலாமா என்று பாவாடை கேட்டான். கரைந்துவிடுவார் என்று அவள் தடுத்துவிட்டாள்.

புரட்டாசிக்குள் கம்பி துருவேறித் தளம் ஒரு பக்கம் விழுந்தது. மழைக்கு முன்பாக அளத்தில் உப்புக் குவியல்களுக்கு ஓலை போட வந்த ஆட்கள், அந்த வீட்டுக்குள்ளும் போய், திருமுருகனையும் ஓலை போட்டு மூடினார்கள்.