சுவரில் மடங்கும் கட்டில்

தையல்காரர் கட்டில் கடைக்குள் நுழைவது அது ஐந்தாவது தடவை. அவரைக் கண்டால் விற்பனைக்காரி இப்போதெல்லாம் எழுந்திருப்பதுகூட இல்லை.

"அடுக்குக் கட்டில் வேணாம்னீங்க. இழுத்துப் போடுற சோபாவும் வேணாம்னுட்டீங்க. இனி நான் உங்களுக்குன்னு ஒண்ணைத் தோசை மாதிரி சுட்டுத்தான் எடுக்கணும்" என்றாள்.

அவர் வேண்டாம் என்றது கொழுப்பெடுத்து அல்ல. வீட்டின் லட்சணம் அப்படி. முன்னறையில் இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டு மேசை. ராத்திரியில் அந்த மேசைதான் அவருக்குப் படுக்கை. உள்ளறை என்று ஒன்று உண்டு. நின்ற இடத்தில் நின்று இரண்டு கையையும் விரித்தால் எதிரெதிர்ச் சுவர்கள் விரலில் தட்டும். சாதாரணக் கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது. அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்தால் மின்விசிறி தலையைச் சீவும்.

அந்த அறையில் ஒரு கட்டில் நின்றாக வேண்டும். மனைவி பிரிந்து போய் மூன்று வருடம். எட்டு வயது மகள் அம்மாவிடம் இருக்கிறாள். மாதத்துக்கு ஒரு மணி நேரம், கோர்ட்டுக் கட்டடத்தின் ஒரு மூலையில், காவலுக்கு ஒருவர் உட்கார்ந்திருக்க, இவர் அவளைப் பார்க்கலாம். பிள்ளைக்கென்று தனிக் கட்டில் இருந்தால் சனி ஞாயிறு அப்பா வீட்டில் தங்கலாம் என்று உத்தரவு. தரையில் விரிக்கும் பாய், மெத்தையெல்லாம் கணக்கில் சேராது. அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். இவர் கட்டில் தேடித் தேடியே இரண்டு முறை அவகாசம் வாங்கிவிட்டார். மூன்றாவதாகக் கொடுத்த தேதியும் தவறினால் மறுபடி கேட்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

விற்பனைக்காரிக்கு இது தெரியும். அதனால்தான் கிண்டலடித்தாலும் கடைசியில் அவளே ஒன்றைக் காட்டினாள். பகலெல்லாம் அலமாரி மாதிரிச் சுவரோடு நிற்கும். பிடித்து இறக்கினால் கட்டில். அவர் நாலு தடவை இறக்கி ஏற்றிப் பார்த்தார். முகமே மாறிவிட்டது.

"உங்க அறைக்குத் தகுந்த மாதிரி செஞ்சு தருவோம். எதிர்ச் சுவத்துக்கு ஒரு விரல்தான் இடைவெளி விடுவோம், அதனால அளவு சரியா இருக்கணும். அளக்க ஆள் அனுப்பவா?"

"இருபத்திரண்டு வருஷமா அளவெடுத்துத்தாம்மா சாப்பிடுறேன். எனக்கே ஆள் அனுப்புறீங்களா?"

வீட்டுக்கு வந்து, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, சுவரை அளந்து, சீட்டில் எழுதி, நகல் ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, கடையில் கொடுத்தார்.

அந்த மாதச் சந்திப்புக்குப் புதுக் கவுன் கொண்டுபோனார். மகள் போட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள்.

"ஏம்ப்பா எல்லாமே தொளதொளன்னு தைக்கிற?"

"வளர்ற பிள்ளைக்கு ரெண்டு இஞ்ச் கூட்டித்தான் தைக்கணும் பாப்பா. வருஷத்துக்கு ரெண்டு இஞ்ச் வளருவ நீ."

அவள் தன் வீட்டில் வந்து தங்கும் முதல் நாள் போட்டுக்கொள்ள ஒரு இரவு உடையும் தைத்து வைத்திருந்தார். அதிலும் கீழ்மடிப்புக்குள் இரண்டு இஞ்ச் துணி ஒளிந்திருந்தது.

கட்டில் வந்து சேர்ந்தது கெடு தேதியன்று காலையில். அதைச் சுவரில் மாட்டிவிட்டுப் போன கடை ஆள், "சுவத்துல பசை இறுகணும், சாயங்காலம் வரைக்கும் இறக்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார். இவரும் தொடவில்லை. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

சாயங்காலம் அதிகாரி அம்மா வந்தார். கூடவே மகள். இவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பாப்பா, நீயே இறக்கு."

அவள் பிடியைப் பற்றி இழுத்தாள். கட்டில் பூப்போல இறங்கியது. தரைக்கு ஓர் அடி மேலே, டொக் என்று எதிர்ச் சுவரில் முட்டி நின்றது. அவள் அழுத்தினாள். இவர் அழுத்தினார். சுண்ணாம்பு உதிர்ந்ததே தவிரக் கட்டில் அசையவில்லை.

இவர் டேப்பை எடுத்து மறுபடி சுவரை அளந்தார். எழுபது இஞ்ச். சட்டைப்பையில் இருந்த சீட்டின் நகலில் எழுபத்திரண்டு என்று அவருடைய கையெழுத்தே சொன்னது. கண் எழுபதைப் பார்த்திருக்கிறது. மகளுக்கென்று நினைத்த கை, வழக்கம்போல இரண்டைக் கூட்டி எழுதிவிட்டது.

"நாளைக்கே அறுத்துச் சரி பண்ணிடறேன் மேடம். ரெண்டே ரெண்டு இஞ்ச்."

"அறிக்கை இன்னிக்கு ராத்திரிக்குள்ள போகணும்ங்க. நான் பார்த்ததைத்தான் எழுத முடியும்." அந்த அம்மாவின் குரலில் கடுமை இல்லை. கடுமை இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பார்.

இதற்குள் மகள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சரிவில் ஏறிப் படுத்துவிட்டாள். படுத்ததும் தலைமாட்டுப் பக்கம் வழுக்கினாள். பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி வழுக்கினாள்.

"ஆன்ட்டி, எனக்கு இப்படித் தூங்கத்தான் பிடிக்கும். பாருங்க, தூங்குறேன்." கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

அதிகாரி அம்மா காகிதத்தில் 'தனிக் கட்டில்' என்ற கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். இவர்தான் மகளைத் தூக்கி இறக்கி, செருப்பை மாட்டிவிட்டு, வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

மறுநாள் தச்சரைக் கூட்டி வந்து கால்மாட்டை அறுக்கச் சொன்னார். அரை மணி நேர வேலை. கட்டில் தரைக்குச் சமமாக, சத்தமே இல்லாமல் இறங்கி நின்றது. "அருமையான கட்டிலுங்க, யாருக்கு?" என்று தச்சர் கேட்டார். "என் மகளுக்கு" என்றார் இவர்.

அவர் போனதும் தையல்காரர் இரவு உடையை எடுத்து அந்தக் கட்டிலில் விரித்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, பிளேடால் கீழ்மடிப்பின் தையலை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார். கண்ணீரில் நூல் தெரியவில்லை. விரலால் தடவித் தடவிப் பிரித்தார். உள்ளேயிருந்த இரண்டு இஞ்ச் துணியும் இறங்கி வந்தது. அதை இஸ்திரி போட்டு, ஓரம் அடித்து, ஆணியில் மாட்டினார். அடுத்த வருடம் அவள் போட்டுக்கொள்ளும்போது அளவு சரியாக இருக்கும்.