டிப்ஸ் பெட்டியில் மேனேஜர் பங்கு

எங்கள் ஷெபாய்கன் ஊரில் வெள்ளிக்கிழமை என்றால் மீன் வறுவல்தான். ஏரிக்கரையில் இருந்த எங்கள் உணவகத்தில் அன்று மாலை நிற்க இடமிருக்காது. பரிமாறும் நாங்கள் எல்லோரும் டிப்ஸை ஒரே பெட்டியில் போட்டுப் பிரித்துக்கொள்வோம். மேனேஜர் கர்ட் தனக்கும் ஒரு பங்கு எடுப்பான்.

"கூட்ட நேரத்துல நானும்தானே தட்டு தூக்குறேன்" என்பான். யாருக்கு எந்த நாள் வேலை என்பது அவன் கையில் இருந்ததால் நாங்கள் வாய் திறக்கவில்லை.

மார்லிஸ் எங்களில் மூத்தவள். அவளுக்கு எல்லோருமே 'கண்ணு'தான். ஒருநாள் சாப்பிட வந்த பெரியவர் ஒருவருக்கு மீன் துண்டு தொண்டையில் அடைத்து மூச்சு நின்றது. மார்லிஸ் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, வயிற்றை அழுத்தித் துண்டை வெளியே வரவைத்தாள். அவர் மனைவி அழுதுகொண்டே நூறு டாலரை அவள் கையில் திணித்தாள். அதுவும் பெட்டிக்குள் போனது. கர்ட் அதிலும் பங்கு எடுத்தான்.

"அந்த மனுஷன் நீலம் பாரிச்சுக் கெடந்தப்போ நீ எங்க கண்ணு இருந்த?"

"ஆபீஸ்ல."

மார்லிஸ் மறுநாள் தொழிலாளர் துறைக்குப் போன் போட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, கடை திறக்குமுன் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "நாங்க போடுற பெட்டியில மேனேஜர் கை வைக்கக் கூடாதாம். சட்டம் இருக்கு. நீயே தனியாப் பரிமாறின மேசையில கெடைச்சா அதை மட்டும் வெச்சுக்கலாம்."

"புடிக்கலேன்னா வாசல் தெறந்துதான் இருக்கு" என்றான் கர்ட்.

மார்லிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எனக்கு வாடகை பாக்கி இருந்தது. ஆனாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது.

கர்ட் கூப்பிட்டதும் முதலாளியம்மா ஹார்ட்விக், தன் வீட்டுத் தோட்டத்து மண் ஒட்டிய பூட்ஸோடு வந்தாள். இரு பக்கமும் கேட்டுவிட்டு வக்கீலுக்குப் போன் செய்தாள். பேசப் பேச முகம் மாறியது.

"கர்ட், இதுவரைக்கும் நீ எடுத்ததை எல்லாம் இவங்களுக்குத் திருப்பிக் குடுத்தாகணுமாம். இதுக்காக இவங்களை வேலைய விட்டுத் தூக்கினா அது தனிக் குத்தமாம்."

கர்ட் ஆபீஸுக்குள் போனான். நாங்கள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தோம். அன்று மாலை என் கையில் தட்டுகள் பறந்தன.

மறு மாதம் கர்ட் வேலையை விட்டுப் போனான். முதலாளியம்மா மார்லிஸைக் கூப்பிட்டாள். "நீயே மேனேஜரா இருந்துடேன்."

"வேண்டாம் கண்ணு" என்றாள் மார்லிஸ். "மேனேஜர் ஆனா பெட்டியில பங்கு கெடையாதே."

சமையலறை வரைக்கும் சிரிப்பு போனது.