மாப்பிள்ளை உயரத்தில் ஒரு கழிப்பறை

என் இரண்டு மூட்டுகளின் மேல் ஆணை. இதில் ஒரு சொல் பொய் என்றாலும், இனி நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழ முடியாமலே போகட்டும்.

எங்கள் வீட்டுக் குளியலறையில் இருவர் நின்றால் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் இடம். பழைய கழிப்பறைக் கோப்பையைப் பெயர்த்துவிட்டுச் சுவரில் தொங்கும் கோப்பையை மாட்டுவது என்று மகன் முடிவு செய்தான்.

"கீழ காலே கிடையாதுப்பா. அடியில துடைப்பம் போகும், தரை பூரா சுத்தமா இருக்கும்."

"காலில்லாததுமேல நான் உக்காரணுமா? எனக்கே கால் சரியில்ல."

"நானூறு கிலோ தாங்கும்பா!"

"நான் என்ன, சொந்தக்காரங்களையும் கூட்டிக்கிட்டா போகப்போறேன்?"

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. உட்கார்ந்தால் உள்ளங்கால் தரையில் படியவேண்டும். படிந்தால்தான் இந்த மூட்டுகளை வைத்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் எழ முடியும். இந்த வயதில் எனக்கு மிச்சமிருக்கும் மானம் அந்த ஒரு அறைக்குள்தான் இருக்கிறது.

தொங்கும் கோப்பையை எந்த உயரத்திலும் மாட்டலாம். பிளம்பர் செங்கல் அடுக்கி, பலகை போட்டு, வீட்டு ஆளை உட்காரவைத்து, கால் படிகிற உயரம் பார்த்துச் சுவரில் பென்சிலால் கோடு போடுவார். அந்தக் கோட்டுக்குத்தான் கோப்பையைத் தாங்கும் இரும்புச் சட்டம். சட்டத்தை மூடிச் சுவர் வைத்து ஓடு பதித்துவிட்டால் அப்புறம் அழுதாலும் அசையாது.

பிளம்பர் வந்தார். நான் பலகையை நோக்கி நடந்தேன். குறுக்கே கை நீட்டினாள் என் மனைவி.

"கொஞ்சம் இருங்க. மாப்பிள்ளை நிக்கிறாரு, கண்ணு தெரியல? அவரு மொதல்ல உக்காரட்டும்."

மாப்பிள்ளை என்றால் என் மகளின் கணவர். எங்கள் வாசலில் குனியாமல் நுழைய முடியாத உயரம். எப்போதோ ஒருமுறை வருகிறவர். மின்விசிறிக்கு நேரான நாற்காலி அவருக்கு, முதல் காபி அவருக்கு. விட்டுக்கொடுத்தேன். இதிலுமா?

"பரவால்ல அத்தை, மாமா உக்காரட்டும்," என்றார் அவர்.

"நல்லாருக்கே! நீங்க நிக்க, அவரு உக்கார்றதா?"

உட்கார்ந்தார். பிளம்பர் செங்கல்மேல் செங்கலாக ஏற்றினார். "சாருக்குக் கால் படியுதா?" படிந்தது. கோடு விழுந்தது, என் இடுப்புக்கு நேராக.

மறுவாரம் நான் ஏறினேன். உட்கார்ந்தேன் என்று சொல்லமாட்டேன்; ஏறினேன். கால் இரண்டும் அந்தரத்தில். செருப்பு கழன்று விழுந்தது. அது விழுந்த சத்தம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டது. சன்னலுக்கு வெளியே, தெருவிளக்குக் கம்பத்தில் பல்பு மாற்றுகிறவர் என் கண்ணுக்கு நேராக இருந்தார்.

"என்ன பெரியவரே, நீங்களும் கரண்ட் வேலையா?"

"இல்லப்பா, சொந்த வேலை."

இறங்க வழியில்லாமல் தொங்கியதில் கால் இரண்டு விரற்கடை நீண்டுவிட்டது. கால்சட்டையைப் பிரித்து இறக்கித் தைத்த தையல்காரர் சாட்சி. மருமகள் கதவைத் தட்டி, "மாமா, ஏணி கொண்டு வரட்டுமா?" என்றாள். ஏணி வந்தது, உள்ளே நுழையவில்லை. இடம் இருந்தால்தானே! கடைசியில் கம்பத்து ஆள்தான் சன்னல் வழியாகக் கயிறு விட்டு என்னை இறக்கினார். தெருவே வேடிக்கை பார்த்தது.

என் மனைவியோ, "மாப்பிள்ளைக்கு வசதியா இருக்கில்ல, அது போதும்," என்கிறாள். எப்போதோ வருகிறவருக்குக் கால் படிவதற்காக, தினமும் போகிறவன் பறக்கவேண்டுமா? இது என்ன நியாயம்? கேட்க நாதியில்லையா இந்த வீட்டில்?

இன்று எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, இதை ஒரு சொல் விடாமல் அவர்களிடம் சொல்லப்போகிறேன்.

கோப்பை இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அளவெடுக்கும் பிளம்பரும் மாப்பிள்ளையும் நாளைக் காலையில்தான் வருகிறார்கள்.