ஆறாவது வரியை அடித்தது யார்

கருப்பம்மா தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கக்கூட இல்லை. முதுகில் கூடையோடேயே தோட்டத்து ஆபீசுக்குள் நுழைந்தாள். இலங்கைப் பிரஜாவுரிமைதான் வேண்டும் என்று குடும்பமாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். இந்தியாவுக்குப் புறப்படத் தயாராகுங்கள் என்று கடிதம் வந்ததாகக் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை வாசித்தார். இங்கே பசறையில் பிறந்தவள், பெற்ற மூன்றையும் இங்கேயே பெற்றவள். அங்கே யாரைத் தெரியும் அவளுக்கு?

"நாங்க எழுதினது ஒன்னு, போனது ஒன்னு. எவன் மாத்தினான்னு காட்டுங்கய்யா."

கிளாக்கர் அலுத்துக்கொண்டே அலுமாரியைத் திறந்து அவள் குடும்பத்தின் விண்ணப்பத் தாளை எடுத்தார். எந்த வரியைத் திருத்தினாலும், திருத்தச் சொன்னவர் அந்த வரிக்கு நேரே ஓரத்தில் பெருவிரலை உருட்ட வேண்டும் என்பது அவர் வைத்திருந்த வழக்கம். நாளைக்கு யாரும் அவர் சட்டையைப் பிடிக்க முடியாதல்லவா. மனுஷன் விவரமானவர்.

அவர் வாசிக்க வாசிக்க அவள் ஓரத்தைப் பார்த்தாள். இரண்டாவது வரியில் அவள் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள். திருத்தியது அவளேதான். நாலாவது வரியில் மூத்தவளின் வயது. அதற்குச் செத்துப்போன மாமனாரின் விரல். ஆறாவது வரியில் இலங்கையை அடித்து இந்தியா என்று எழுதியிருந்தது. நேரே இருந்த ரேகையின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தி பட்ட தழும்பு. அந்தக் கை ஆறும்வரை பதினைந்து நாள் சோறு ஊட்டியவளுக்குத் தெரியாதா?

"ஒன் புருஷன்தான். ஒங்கிட்ட சொல்லியாச்சுன்னானே," என்றார் கிளாக்கர்.

வழியெல்லாம் இந்தக் கிளாக்கரையல்லவா திட்டிக்கொண்டு வந்தாள்! நேரே கவ்வாத்து மலைக்கு ஏறினாள். அங்கே அவள் புருஷன் அழகையா அவளைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தான்.

"ஏன்யா எங்கிட்ட கேக்கல?"

"கேட்டா வேணாம்ப. அதான் கேக்கல."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறான்! அறையலாம் போல வந்தது. திரும்பி ஆபீசுக்கே வந்தாள்.

"எம் பேரையும் புள்ளைங்க பேரையும் அடிங்கய்யா. வெரல் வைக்கிறேன்."

"இது வெறும் பிரதி, அசல் கவர்மெண்டுக்குப் போயாச்சு. இதுல அடிச்சா அங்க செல்லாதும்மா. புருஷன் போனா நீயும் போகத்தான் வேணும்."

"செல்லாட்டிப் போவுது. நாளைக்கு எம் புள்ளைங்க வந்து எல்லாரையும் யாரு அனுப்பினதுன்னு கேக்கும். நான் ஒத்துக்கலன்னு இதுல இருக்கட்டும்."

கிளாக்கர் பேனாவை எடுக்கவில்லை. அவளே மைப்பெட்டியை இழுத்து, நாலு பெயருக்கும் நேரே நாலு தரம் விரலை அழுத்தினாள்.