காலி கோச்

"கோச்சுன்னா ரயில் பெட்டிதானேப்பா? அது எதுக்கு பந்து ஆடற எடத்துல உக்காந்துக்கினு இருக்கு?"

ஆம்பூர் ரயிலடிப் பக்கம் வளர்ந்த ஜெயபுஷ்பம் வேறு எப்படிக் கேட்பாள்? 1979இல், தோல் தொழிலாளர் வாசகசாலையில் கேட்டாள். மேசையில் விரித்திருந்தது பேஸ்பால் ஆட்டம். வேலூர் பாகாயம் ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க டாக்டர் ஒருவர் விட்டுப்போனது. பகடை உருட்டி ஆட்டக்காரர் சீட்டுகளை நகர்த்த வேண்டும்; ஒன்று விழுந்தால் அவுட், ஆறு விழுந்தால் களத்தில் நிற்பவர்கள் எல்லோரும் 'வீடு' சேர்ந்து ஆளுக்கொரு ரன். கோச் சீட்டுக்கு மட்டும் வேலையே கிடையாது, படத்தோடு சரி.

"கரெக்டா கேட்டே பாப்பா," என்றார் கவுஸ் பாஷா. "எங்க வாலிபால் டீம்லகூட ஒரு காலி கோச் இருந்திச்சு. கழட்டி உட்டுட்டோம்."

அறையே சிரித்தது. அந்தக் கோச் ஜெயபுஷ்பத்தின் அப்பா கிருபானந்தம். டீம் மேனேஜரான கவுஸ் பாஷா போன மாதம்தான் அவரை நீக்கியிருந்தார். மகள் முன்னால் பட்ட அந்தச் சிரிப்பு சுண்ணாம்புக் குழிபோல அப்பாவுக்குள் கொதித்தது. அன்றைய ஜெபத்தில் மன்னிப்பு வரும் வரியை மட்டும் கிருபானந்தம் விழுங்கிவிட்டார்.

அடுத்த வாரம் புது விதியோடு வந்தார். அவுட்டானவனைக் கோச் சீட்டின்மேல் ஏற்றி, ஆட்டத்துக்கு ஒருமுறை, மறுபடி பகடை போடலாம். ஆனால் "கோச்சய்யா, ஏத்திக்கோங்க" என்று சத்தமாகக் கேட்க வேண்டும். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கவுஸ் பாஷாவின் வாயில் அந்தச் சொல் வராது என்பதற்காகவே வைத்த பொறி அது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மோதினார்கள். நடுவில் கிருபானந்தத்தின் பகடை தரையில் விழுந்தது. தரையில் விழுந்த எண்ணும் செல்லும் என்பது அங்கே வழக்கம். ஒன்று விழுந்திருந்தது, அவுட். குனிந்த அவர்கள் இருவர்தான் பார்த்தார்கள். கவுஸ் பாஷா சட்டென்று பகடையை எடுத்து நீட்டினார்.

"பாப்பா காலு பட்டுடுச்சி. மறுபடி போடு கிருபா."

பாப்பா பெஞ்சின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மறுபடி போட்டதில் கிருபானந்தத்துக்கு இரண்டு ரன்.

கடைசியில் கவுஸ் பாஷா ஒரு ரன் பின்தங்கியிருந்தார். களத்தில் ஓட ஒருவன் காத்திருக்க, கடைசி ஆட்டக்காரன் அவுட்.

"கேளுங்க பாய்! கோச்சைக் கேளுங்க!" என்று சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள்.

கவுஸ் பாஷாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. "வர்றேன்," என்று எழுந்தார்.

"இன்னா பாய், இன்ஜின் மட்டும் தனியா போவுது?" என்று முதுகுக்குப் பின்னால் கத்தினார் கிருபானந்தம்.

அதே சிரிப்பு அறையை நிறைத்தது. ஜெயபுஷ்பம் மட்டும் சிரிக்கவில்லை.

எல்லோரும் போனபின், கிருபானந்தம் மகளைத் தேன்மிட்டாய் வாங்க அனுப்பினார். கரும்பலகையில் வென்றவராக அவர் பெயர். தனக்காகச் சொல்லப்பட்ட பொய் ஒன்று அந்தப் பெயருக்கு அடியில் இருந்தது.

கவுஸ் பாஷாவின் கடைசி ஆட்டக்காரனை எடுத்துக் கோச் சீட்டின்மேல் வைத்தார்.

"கோச்சய்யா, ஏத்திக்கோங்க," என்றார், பாய்க்குப் பதிலாக.

பகடை உருண்டது. ஆறு. காத்திருந்தவனும் அவுட்டானவனும் வீடு சேர்ந்தார்கள்.

தன் பெயரை உள்ளங்கையால் அழித்து, கவுஸ் பாஷா என்று எழுதினார். சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினார்.