லத்தீன் படித்த குமாஸ்தா

அருப்புக்கோட்டை கோர்ட்டில் வக்கீல் சௌந்தரபாண்டியனுக்கு மற்ற வக்கீல்களுக்கு இல்லாத ஒரு பெருமை இருந்தது. அவருடைய குமாஸ்தா லத்தீனில் எம்.ஏ. படித்தவன். புதிதாக ஒரு கட்சிக்காரர் படியேறினால், கேஸ் என்னவென்று கேட்பதற்கு முன்னாலேயே அவர் இதைச் சொல்லிவிடுவார்.

"இந்தா உக்காந்திருக்கானே சங்கையா, இவன லேசுப்பட்ட ஆளுன்னு நெனச்சிராதீக. ரோமாபுரி ராசாமாரு பேசுன பாஷையில எம்.ஏ. ஏப்பா சங்கையா, அதுல ரெண்டு வரி எடுத்து விடு."

சங்கையா எடுத்து விடுவான். பந்தல்குடியிலிருந்து வரப்புத் தகராறோடு வந்திருக்கும், உழுது பிழைக்கிற சம்சாரி வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். கேட்டு முடித்து, "அந்த ராசாமாருக்கு இங்க ஏதும் நெலம் கிடக்காக்கும்?" என்பார். வக்கீல் தொடையில் தட்டிச் சிரிப்பார். சங்கையாவும் சிரித்துவிட்டு மனு எழுதக் குனிந்துகொள்வான். ஆறு வருஷமாக இதே கூத்துதான்.

அவன் லத்தீனுக்குப் போன கதையைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. திருச்சுழிக்குத் தெற்கே மூன்று மைலில் அவன் ஊர். மானாவாரிப் பருத்தியும் குதிரைவாலியும் விளைகிற பூமி. அப்பா அவனைத் திருச்சியில் பாதிரிமார் கல்லூரியில் சேர்த்துவிட்டார். ஹாஸ்டலில் மேல்வகுப்புக்காரன் ஒருவன், "தமிழ் எடுத்தா நாப்பத்தஞ்சு மார்க்குத் தாண்டாது, லத்தீன் எடு, கண்ண மூடிக்கிட்டு எண்பது போடுவாங்க, இன்ஜினீயர் சீட்டு உறுதி" என்று ஓதினான். எடுத்தான். எண்பதும் வந்தது. ஆனால் அதற்குள் பயலுக்கு அந்த பாஷை பிடித்துப் போய்விட்டது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி எவனோ ஒரு சம்சாரி மழை பெய்யவில்லை என்று புலம்பியதைப் படித்துவிட்டு, 'இவன் நம்ம ஊர்க்காரன்ல?' என்று ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தான். இன்ஜினீயர் சீட்டு வேறு யாருக்கோ போயிற்று. சங்கையா பி.ஏ.வை முடித்துவிட்டுப் பம்பாய்க்கு ரயிலேறி எம்.ஏ.வில் சேர்ந்தான்.

வகுப்பில் மொத்தமே மூன்று பேர். ஒருவன் பாதிரியாராகிவிட்டான். இன்னொருவன் பேங்கு பரீட்சை எழுதிக் கௌண்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான். சங்கையா ஒருத்தன்தான் படித்ததைக் கட்டிக்கொண்டு அழுதவன். கோவாக்காரரான நரைத்தலைப் பேராசிரியர் ஒருவர், "நீ கிரேக்கமும் படி, எனக்குப் பிறகு இந்த நாற்காலி உனக்கு" என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை நம்பி அதையும் படித்தான்.

முதல் வேலை மதுரைப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குருமடத்தில். சாமியாராகப் போகிற பையன்களுக்கு லத்தீன் வாத்தியார், பங்குனியில் அய்யனாருக்குப் பொங்கல் வைக்கிற வீட்டுப் பிள்ளை. அதில் யாருக்கும் வருத்தமில்லை. அவனுக்கும் ராக்கம்மாளுக்கும் கல்யாணம் நடந்தது அந்தக் காலத்தில்தான். பிறகு, அதுவரை லத்தீனில் நடந்த பூசையை அந்தந்த ஊர் பாஷையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ரோமாபுரியிலிருந்தே உத்தரவு வந்தது. கோயிலில் தமிழ் கேட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு வருஷத்தில் குருமடத்தில் லத்தீன் வகுப்பு பாதியாகக் குறைந்தது. அறுபத்தாறில் தலைமைச் சாமியார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டு வீட்டுக்கு அனுப்பினார். மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அதற்கப்புறம் வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்துகொண்டு அவன் மனுப்போடாத கல்லூரி இல்லை. எல்லா இடத்திலிருந்தும் பதில் ஒழுங்காக வந்தது. சாதாத் தபாலில், ஒரு கார்டில், இரண்டு வரி, 'இடமில்லை' என்று. அறுபத்தெட்டில் மெட்ராஸில் ஒன்று கூடிவருகிற மாதிரி இருந்தது. ராக்கம்மாள் தெருப் பூராவும் சொல்லி, பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டியும் வைத்துவிட்டாள். கார்டு வந்தது. கட்டின சாக்கை அவிழ்த்த அன்றைக்கு அவள் தெருக்குழாய்க்குத் தண்ணீர் எடுக்கப் போகவில்லை. சங்கையாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. இனி எங்கே மனுப்போட்டாலும் இவளிடம் மூச்சுவிடக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தான்.

குமாஸ்தா வேலையில் லத்தீனைவிட உபயோகமான வித்தைகளைக் கற்றுக்கொண்டான். அதில் ஒன்று ரிஜிஸ்தர் தபால் வித்தை. எதிர்க்கட்சிக்காரன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் கையெழுத்துப் போட்டு வாங்கக் கூடாது; 'வேண்டாம், கொண்டு போ' என்று திருப்பிவிட வேண்டும். திருப்பினாலும் வந்து சேர்ந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்பது வக்கீலுக்கும் தெரியும், குமாஸ்தாவுக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்லி வாதாடி இரண்டு வாய்தா இழுக்கலாம். இரண்டு வாய்தா என்றால் நிலத்தில் இருக்கிறவன் ஒரு வெள்ளாமை எடுத்துவிடலாம். வருகிற சம்சாரிக்கெல்லாம் சங்கையா இதை வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் கொடுத்தான். இந்தச் சுற்று வட்டாரத்தில் ரிஜிஸ்தர் கவரைக் கண்டால் ஜனங்கள் நல்லபாம்பைக் கண்ட மாதிரி ஒதுங்கினார்கள் என்றால் அதில் அவனுக்கும் பங்கு உண்டு.

சொந்த வீட்டிலும் சொல்லிக் கொடுக்க வேண்டி வந்தது. பங்காளி இருளப்பசாமி கிணற்றில் பாதி தனக்கு என்று கிளம்பியிருந்தான். ராக்கம்மாள் ஊரில், இவன் டவுனில். சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வந்தால் திங்கட்கிழமை விடியற்காலையில் திரும்புகிறவன். அதனால் தெளிவாகச் சொல்லி வைத்தான்.

"சாதாத் தபால் வந்தா வாங்கி வெளக்கு மாடத்துல வையி. ரிஜிஸ்தர்னு தபால்காரரு தவசி கொண்டாந்தா தொடாத. மேல என்ன எழுதியிருக்கு, எங்கருந்து வந்துருக்குன்னு ஆயிரம் சொல்லுவாரு. காதுல வாங்காத. 'வேண்டாம்'னு ஒரே பேச்சு."

"நான் என்ன சின்னப்புள்ளையா?" என்றாள் ராக்கம்மாள்.

எழுபத்திரண்டு வைகாசியில் பம்பாய்ப் பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. 'நான் ஓய்வு பெறுகிறேன். நாற்காலி காலியாகிறது. லத்தீன், கிரேக்க ரோமானிய வரலாறு இரண்டையும் நடத்த ஆள் தேடுகிறார்கள். வயது முப்பத்தாறு நிறைந்திருக்கக் கூடாது. உடனே எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.'

சங்கையாவுக்கு வருகிற ஆவணியில் முப்பத்தாறு. இது தவறினால் இந்தியா பூராவும் தேடினாலும் இன்னொரு கதவு கிடையாது. கதவே மொத்தம் நாலைந்துதான், எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தாயிற்று. வக்கீல் போன பிறகு ஆபீசிலேயே உட்கார்ந்து மனுவை மூன்று தரம் எழுதிக் கிழித்து, நாலாவதைத் தபாலில் சேர்த்தான். ஆபீஸ் விலாசம் கொடுத்தால் வக்கீல் பிரித்துப் படித்துவிட்டுக் கட்சிக்காரர் முன்னால் கேலி பண்ணுவார். அதனால் ஊர் விலாசம் கொடுத்தான். ராக்கம்மாளிடம் வாய் திறக்கவில்லை.

ஆறு வாரம் போனது. ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் கண் மாடத்துக்குத்தான் போகும். விளக்கும் தீப்பெட்டியும் இருக்கும். கார்டு இல்லை என்றால் இன்னும் 'இல்லை' என்று சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்? அந்த ஆறு வாரமும் மனுஷன் சந்தோஷமாகவே இருந்தான். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, பையன்களுக்கு முதல் நாள் எந்தப் பாடத்தை எடுப்பது என்று யோசித்தான். மழைக்காகப் புலம்பின அந்த ரோமாபுரிச் சம்சாரியைத்தான் எடுப்பது என்று தீர்மானமும் பண்ணிவிட்டான்.

ஆனி நடுவில் ஒரு சனிக்கிழமை ராக்கம்மாள் வாசலுக்கே வந்து நின்றாள்.

"நேத்து ரிஜிஸ்தர் வந்துச்சு. வேண்டாம்னுட்டேன்ல!"

அதற்கு முந்தின வாரம்தான் இருளப்பசாமி திருச்சுழி டீக்கடையில், "நோட்டீஸ் விட்டு அவன் லத்தீனக் கிழிக்கேன் பாரு" என்று சவடால் அடித்திருந்தான். அனுப்பிவிட்டான் போல என்று சங்கையா நினைத்தான்.

"கெட்டிக்காரி" என்றான். வாய் நிறையச் சொன்னான். பையில் அவளுக்காக வாங்கி வந்திருந்த காராச்சேவுப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். அவள் பிரித்து அவனுக்கும் ஒரு கை வைத்தாள். இரண்டு பேரும் தின்றார்கள்.

ஆடி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "மாடத்துல கவர் இருக்கு, பாக்கலயா? சாதாத் தபால்தான், வாங்கி வச்சேன்" என்றாள். பம்பாய் முத்திரை. பேராசிரியரின் கோழிக்கிறுக்கல் எழுத்து. சங்கையா தொழுவத்துப் பக்கம் போய் நின்று படித்தான்.

'அன்புள்ள சங்கையா, உன்னை நியமித்து உத்தரவு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார்கள். "பெற மறுத்துவிட்டார்" என்று உறை திரும்பி வந்தது. வேறு மனுவே இல்லை, நீ ஒருவன்தான். வேறு யாரையும் தேட நிர்வாகத்துக்குப் பொறுமை இல்லை. ஒரே ஆளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான், இனி இந்த வகுப்பு எதற்கு என்று மூடிவிட்டார்கள். என் அறையில் காமர்ஸ் நடக்கிறது. உனக்கு ஏதோ காரணம் இருந்திருக்கும். ஒரு வரி எழுதியிருக்கலாம்.'

அவன் இரண்டாவது தரம் படிக்கவில்லை. இல்லை என்று சொல்ல எவனும் ரிஜிஸ்தர் செய்வதில்லை, ஆம் என்றால்தான் ரிஜிஸ்தரில் வரும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முப்பத்தைந்து வயசுக்குத் தபாலில் ஒரு தரம்கூட 'ஆம்' வந்திராதவனுக்கு அது எப்படித் தெரியும்?  தொழுவத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டான்.

உள்ளே வந்து கேட்டான்.

"அன்னைக்கு ரிஜிஸ்தர் வந்துச்சே, தவசி ஏதும் சொன்னாரா?"

"சொல்லாம? 'தாயி, பம்பாய்லருந்து வந்துருக்கு, காலேஜுன்னு போட்டுருக்கு, எதுக்கும் வாங்கி வையி'ன்னு ஒரே கெஞ்சல். எனக்கா தெரியாது? நீங்கதான் சொன்னீகளே, ஆயிரம் சொல்லுவாருன்னு. 'அண்ணே, எங்கருந்து வந்தாலும் எங்களுக்கு வேண்டாம்'னுட்டேன். மூணு தரம் கேட்டாரு. மூணு தரமும் வேண்டாம்னேன்." சொல்லும்போதே அவள் முகத்தில் ஒரு மிடுக்கு. பிறகு அவன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். மிடுக்கு இறங்கிவிட்டது. "இதென்ன? இன்னும் எங்கிட்டுக்கோ எழுதிப் போட்டுட்டுத்தான் இருக்கீகளா?"

அவனால் பொய் சொல்ல முடியவில்லை. "ஒரு எடத்துக்குப் போட்டேன்."

"இல்லன்னுட்டாகளா?"

கூரையைப் பார்த்தான், மாடத்தைப் பார்த்தான். அவளிடம் சொல்வதற்கு அவனுக்கு அந்த ஒரு சொல்தான் மிச்சமிருந்தது.

"ஆமா" என்றான்.

ராக்கம்மாள் கிட்டத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். அவள் முந்தானையால் அவன் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். "போதும். எனக்காக ஒண்ணு செய்யுங்க. இனிமே எழுதாதீக. அவுக வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல உங்க மொகம் செத்துப் போகுது. என்னால பாக்க முடியல."

"இனி எழுதமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா" என்றான். ஆவணிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

பேராசிரியருக்கு அவன் பதில் எழுதவில்லை. எழுதினாலும் எதை எழுதுவது? கிணற்றுக் கேஸுக்காகத் திருப்பினேன் என்றா? மறுத்தால் பெற்றதாகவே கொள்ளப்படும் என்று அவனே எத்தனை மனுவில் எழுதியிருக்கிறான்.

புரட்டாசியில் இருளப்பசாமியின் நோட்டீஸ் நிஜமாகவே வந்தது. அந்த வாரம் சங்கையா பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தபோது, ராக்கம்மாள் வாசலில் நின்றாள்.

"ரிஜிஸ்தர் வந்துச்சு. அருப்புக்கோட்டையிலருந்துன்னாரு. வேண்டாம்னு திருப்பிட்டேன்."

சங்கையா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். பையில் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"கெட்டிக்காரி" என்றான்.